சின்னப் பெட்டி சொல்லும் உண்மை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள். இதில் என் தவறு ஒன்றும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பணி ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. முப்பத்து மூன்று ஆண்டுகள் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் நடத்தியவன். பழைய மாணவர்கள் இன்றும் போன் செய்வார்கள். பெரும்பாலும் தங்கள் பிள்ளைகளை எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம் என்றுதான் கேட்பார்கள். சென்ற தை மாதம் ஒருவன் கேட்டது வேறு.

"சார், வீட்டுல பாட்டு மிக்ஸ் பண்றதுக்கு எந்த ஸ்பீக்கர் வாங்கலாமுங்க?"

அவன் அப்பா உடுக்கையடிப் பாட்டுக்காரர். எங்கள் கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையை விடிய விடியப் பாடுவார்களே, அந்த வரிசையில் வந்தவர். சாவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால் மகன் அவரை வீட்டு அறையில் உட்கார வைத்து, இரண்டு மைக் வைத்து, கதையின் சில பகுதிகளைப் பதிவு செய்து வைத்திருந்தான். அதோடு பிடிலும் கீபோர்டும் சேர்த்து, முதல் வருசத் திதிக்கு வெளியிட வேண்டும் என்பது அவன் ஆசை. இரவெல்லாம் ஹெட்போன் போட்டு மிக்ஸ் செய்தான். அவனுக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது. அம்மாவின் போனில் போட்டுக் காட்டினான். அந்த அம்மா முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னது இதுதான்:

"உடுக்க கேக்குது, பிடிலு கேக்குது. அப்பன் குரலு எங்க கண்ணு?"

இந்தக் கடைசிச் செய்தியை அவன் என்னிடம் முதல் நாள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "பெரிய கோன் உள்ளதா வாங்குப்பா, எல்லாம் கேட்கும்" என்று சொல்லிவிட்டேன். எட்டு அங்குல ஜோடி ஒன்று, கூடவே ஒரு சப்வூஃபர், எல்லாம் சேர்த்து முக்கால் லட்சம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். பணத்துக்கு மனைவியின் சங்கிலியை அடகு வைக்க ஏற்பாடு. இதை அவன் அம்மா சந்தையில் என்னைப் பார்த்தபோது சொன்னார். "நீங்க சொன்னீங்கன்னு சொன்னானுங்க" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வகுப்பில் தெரியாத கேள்வி வந்தால் "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லப் பழகியவன், போனில் மட்டும் ஏன் அவசரப்பட்டேன்? அவனைக் கூப்பிட்டு ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். அந்த ஒரு வாரம் படித்ததைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மிக்ஸிங் என்றால், தனித்தனியாகப் பதிவான குரல், தாளம், கருவிகள் எல்லாவற்றையும் அளவு பார்த்து ஒன்றாகச் சேர்ப்பது. அளவு சரியா என்று பார்க்க உதவும் ஸ்பீக்கருக்கு ரெஃபரன்ஸ் மானிட்டர் என்று பெயர். வீட்டில் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் நம்மை மகிழ்விக்க வேண்டும். இது மகிழ்விக்க வேண்டியதில்லை. பத்தரிடம் இருக்கும் உரைகல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தனியாக ஒரு பளபளப்பும் கிடையாது. ஆனால் பத்தர் அதில் உரசித்தான் தங்கத்தின் மாற்றைச் சொல்வார்.

ஆரம்ப காலத்தில் அமெரிக்க ஸ்டூடியோக்களில் உரைகற்கள் பெரிதாகத்தான் இருந்தன. ஆல்டெக் நிறுவனத்தின் 604 என்ற 15 அங்குல ஸ்பீக்கர் 1940களில் வந்து பல பத்தாண்டுகள் கோலோச்சியது. பீரோ அளவுப் பெட்டியில், சுவரில் பதித்து வைத்திருப்பார்கள். அதில் எந்தப் பாட்டும் கம்பீரமாகக் கேட்கும். சிக்கல் எங்கே வந்தது என்றால், பாட்டைக் காசு கொடுத்து வாங்குகிறவன் வீட்டில் அது இல்லை. அவன் கேட்டது சமையலறை ரேடியோவில், கார் ரேடியோவில், டி.வி. பெட்டியில். அவற்றில் இருந்தது கையகல ஸ்பீக்கர் ஒன்று. ஸ்டூடியோவில் இடியாக முழங்கிய பாஸ் கிட்டார் அங்கே காணாமல் போகும், பாடகி தொண்டை கட்டியவர் போலக் கேட்பார்.

இதற்கு விடையாக வந்ததுதான் ஆரடோன். ஜாக் வில்சன் என்பவர் 1958இல் கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம். அவர்களுடைய 5சி என்ற கனசதுரப் பெட்டி 1970களில் உலகத்தின் பெரிய ஸ்டூடியோக்களில் எல்லாம் மேசை மேல் ஏறி உட்கார்ந்தது. பக்கத்துக்குச் சுமார் ஆறரை அங்குலம். உள்ளே ஒரே ஒரு கோன். தனியாக ட்வீட்டர் இல்லை, ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் இல்லை, பெட்டியில் ஓட்டையும் இல்லை. ஆழமான பாஸும் வராது, உச்ச ஸ்தாயிப் பளபளப்பும் வராது. நடுப்பகுதி மட்டும் வரும். இன்ஜினியர்கள் கிண்டலாக அதை 'ஹாரர்டோன்' என்று அழைத்தார்கள், அதாவது பயங்கர ஓசை. ஆனாலும் தூக்கி எறியவில்லை. 1982இல் வந்த மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்தை மிக்ஸ் செய்த புரூஸ் ஸ்வீடியன் இந்தச் சின்னப் பெட்டிகளைப் பெரிதும் நம்பியவர். உலகத்திலேயே அதிகம் விற்ற ஆல்பம் என்று சொல்லப்படுவது, இப்படிப்பட்ட பெட்டியில் உரசிப் பார்க்கப்பட்டது.

நடுப்பகுதி ஏன் அவ்வளவு முக்கியம்? பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். அந்தச் சிறிய சன்னல் வழியாகவே அம்மா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. மனிதக் குரலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. எனக்கு வயதாகிவிட்டதால் கீச்சென்ற உச்ச ஒலிகள் இப்போது கேட்பதில்லை. ஆனால் என் மாணவன் யார் பேசுகிறான் என்று குரலை வைத்தே சொல்லிவிடுவேன். சன்னல் இன்னும் திறந்திருக்கிறது.

இங்கிலாந்தில் இதே தேவைக்கு வேறு வழியில் போய்ச் சேர்ந்தார்கள். இயற்பியல் ஆசிரியனான எனக்கு மிகவும் பிடித்த கதை இது. பி.பி.சி. வானொலி புதிய இசைக்கூடம் கட்டுவதற்கு முன், அதை எட்டில் ஒரு பங்கு அளவில் மாதிரியாகக் கட்டிப் பார்க்க நினைத்தது. அறை எட்டு மடங்கு சிறிதானால், அலைநீளமும் எட்டு மடங்கு சிறிதாக வேண்டும், அதாவது அதிர்வெண் எட்டு மடங்கு உயர வேண்டும். ஆகவே இசை நாடாவை எட்டு மடங்கு வேகத்தில் ஓட்டி, அந்தப் பொம்மை அறைக்குள் ஒலிக்க வைக்க ஒரு குட்டி ஸ்பீக்கர் தேவைப்பட்டது. ஹார்வுட் தலைமையிலான ஆய்வுக் குழு அதைச் செய்தது. செய்து பார்த்தால், அந்தக் குட்டிப் பெட்டி அதன் அளவுக்கு எதிர்பாராத அளவு நன்றாக இருந்தது. அதே சமயம் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களில் பெரிய ஸ்பீக்கருக்கு இடமில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தேவைக்காக இதை வளர்த்தெடுத்ததில் பிறந்ததுதான் எல்.எஸ்.3/5ஏ. உயரம் ஒரு அடி. உள்ளே 5 அங்குல கோன் ஒன்று, சின்ன ட்வீட்டர் ஒன்று. வடிவமைப்பு விவரங்களை 1976இல் பி.பி.சி. ஆய்வுத் துறை அறிக்கையாகவே வெளியிட்டது. பல நிறுவனங்கள் உரிமம் பெற்றுத் தயாரித்தன. மனிதப் பேச்சை உள்ளபடி சொல்வதில் அதற்குப் பெரிய பெயர். ஆழமான பாஸை எதிர்பார்க்கக் கூடாது, அதிகச் சத்தமும் தாங்காது. வேனுக்குள் அதற்கு அவசியமும் இல்லை.

மூன்றாவது கதைதான் வேடிக்கையானது. ஜப்பானின் யமஹா 1978இல் என்.எஸ்.10எம் என்ற சின்ன ஸ்பீக்கரைக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் அகிரா நகமுரா. வீட்டு அலமாரியில் வைத்துப் பாட்டுக் கேட்பதற்காகச் செய்தது. என்.எஸ். என்றால் 'இயற்கை ஒலி' என்பதன் சுருக்கம். ஆனால் வீட்டுக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. பாஸ் குறைவு, நடுப்பகுதி தூக்கல், ட்வீட்டர் காதைக் குத்துகிறது என்றார்கள். கடையில் தேங்கிய அந்தப் பெட்டியை ஸ்டூடியோக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பாப் கிளியர்மவுண்டன் போன்ற அமெரிக்க மிக்ஸிங் இன்ஜினியர்கள் போகும் இடமெல்லாம் அதைப் பயன்படுத்த, மற்றவர்களும் தொடர்ந்தார்கள். கறுப்புப் பெட்டி, வெள்ளைக் கோன். எந்த ஸ்டூடியோ புகைப்படத்தை எடுத்தாலும் இன்றும் மேசை மேல் அது நிற்கும்.

ட்வீட்டர் குத்துகிறதே, என்ன செய்தார்கள் தெரியுமா? அதன் மேல் டிஷ்யூ பேப்பரை ஒட்டினார்கள்! எந்தப் பேப்பர் நல்லது, எத்தனை மடிப்பு என்று ஸ்டூடியோக்களில் சண்டையே நடந்தது. 1980களில் பாப் ஹோடஸ் என்ற ஒலியியல் நிபுணர் பலவகை டிஷ்யூக்களை வாங்கி ஒட்டி அளந்தே பார்த்தார். பேப்பருக்குப் பேப்பர் விளைவு மாறுகிறது என்று கண்டார். பிறகு 1987இல் யமஹாவே ட்வீட்டரைச் சற்று மென்மையாக்கி 'ஸ்டூடியோ' என்ற பெயரில் புதிய வடிவத்தை வெளியிட்டது.

வீட்டில் தோற்ற பெட்டி ஸ்டூடியோவில் ஏன் ஜெயித்தது? இந்தக் கேள்விக்கு 2001இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஒலி ஆய்வுக்கூடத்தில் செய்த அளவீடுகள் பதில் தந்தன. நியூவெல், ஹாலண்ட் ஆகியோர் பல மானிட்டர்களை ஒப்பிட்டார்கள். இந்தப் பெட்டியின் சிறப்பு காலக் கணக்கில் இருந்தது. ஓசை நின்றதும் கோனும் சட்டென்று நின்றுவிடுகிறது.

வகுப்பில் சொல்வது போலச் சொல்கிறேன். ஊஞ்சலைத் தள்ளிவிட்டு நாம் நகர்ந்துவிட்டாலும் அது கொஞ்ச நேரம் ஆடும். பாஸ் அதிகம் வரவேண்டும் என்று பெட்டியில் ஓட்டை போட்டால், உள்ளிருக்கும் காற்று அந்த ஊஞ்சல் மாதிரி ஆடும். தாளம் நின்ற பிறகும் அதன் வால் நீண்டுகொண்டே இருக்கும். மூடிய பெட்டியில் காற்று ஒரு மெத்தை போல கோனை அடக்கிப் பிடித்துக்கொள்ளும். பாஸ் குறையும், ஆனால் வருவது நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போகும். யமஹா பெட்டியும் மூடியது, ஆரடோனும் மூடியது, பி.பி.சி.யின் பெட்டியும் மூடியது. மூன்று நாட்டுக் கதைகளும் வந்து சேர்ந்த இடம் ஒன்று.

அந்த 2001ஆம் ஆண்டிலேயே என்.எஸ்.10 தயாரிப்பு நின்றது. வெள்ளைக் கோன் செய்யத் தேவையான மரக்கூழ் கிடைக்காமல் போனதுதான் காரணம் என்று நிறுவனம் சொன்னது. 2008இல் இந்த ஸ்பீக்கருக்காக யமஹாவுக்குத் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. யாரும் வாங்காத பெட்டி முப்பது ஆண்டு கழித்து மாலை வாங்கியது.

இதற்கிடையில் பின்லாந்தின் ஈசால்மி என்ற சிறிய ஊரில் 1978இல் தொடங்கிய ஜெனலெக் நிறுவனம், ஆம்ப்ளிஃபையரைப் பெட்டிக்குள்ளேயே வைத்தது. ட்வீட்டருக்கு ஒன்று, கோனுக்கு ஒன்று. அந்நாட்டு வானொலிக்காக ஆரம்பித்த வேலை அது. இன்று கடையில் 'ஆக்டிவ் மானிட்டர்' என்று விற்பவை எல்லாம் அந்த வழியில் வந்தவை. கணினியில் பதிவு செய்யும் வசதி வந்ததும் ஸ்டூடியோ வீட்டுக்குள் வந்துவிட்டது. நம் சென்னையிலேயே ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் தன் வீட்டுக் கொல்லையில் பஞ்சதன் ஸ்டூடியோவை அமைத்தார். 'ரோஜா' வந்தது 1992இல்.

சரி, வரலாறு போதும். என் மாணவன் கதைக்கு வருகிறேன்.

அவன் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. கணக்குப் போட்டேன். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். பத்தடிச் சுவர்களுக்கு இடையே சுமார் 56 ஹெர்ட்ஸில் நிலை அலை உண்டாகும். பன்னிரண்டடிக்கு 47 ஹெர்ட்ஸ். அந்த அறையில் எட்டு அங்குலமும் சப்வூஃபரும் வைத்தால், அவன் கேட்பது பாட்டை இல்லை, சுவரைத்தான். உட்காரும் இடத்தை ஒரு முழம் நகர்த்தினால் பாஸ் கூடும், இன்னொரு முழத்தில் காணாமல் போகும். என் "பெரிய கோன்" யோசனையின் லட்சணம் இது.

அதற்குள் அம்மாவின் கேள்வி எனக்குத் தெரிந்துவிட்டது. உடுக்கை கேட்கிறது, பிடில் கேட்கிறது, குரல் மட்டும் இல்லை. எதுவோ மங்கலாக இருந்தால் போனின் குறை என்று சொல்லலாம். ஒன்று மட்டும் காணாமல் போனால் அதற்குக் காரணம் வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். கையில் ஒரு பெட்டி. பழைய டி.வி.யில் இருந்து கழற்றிய 4 அங்குல ஸ்பீக்கரை, தச்சரிடம் சொல்லி, ஓட்டையில்லாத பிளைவுட் பெட்டியில் பொருத்தி வாங்கியிருந்தேன். என்னிடம் கிடந்த சின்ன ஆம்ப்ளிஃபையரில் இணைத்தோம். "இப்ப மிக்ஸை மோனோவுக்கு மாத்து" என்றேன். இடது, வலது இரண்டையும் ஒன்றாகக் கூட்டும் பொத்தான் அது.

அழுத்தினான். அவன் அப்பாவின் குரல் கிணற்றுக்குள் இறங்கிப் போனது. உடுக்கை மட்டும் மேலே நின்றது.

பையன் முகம் வெளுத்துவிட்டது. "சார், இதுதானுங்க அம்மா கேட்டது" என்றான்.

"குரலுக்கு என்ன செஞ்ச?" என்றேன். குரல் அகலமாக, காதைச் சுற்றிக் கேட்க வேண்டும் என்று ஒரு வைடனர் போட்டிருக்கிறான். அது இடப் பக்கத்து அலையைக் கிட்டத்தட்டத் தலைகீழாக்கி வலப் பக்கத்துக்கு அனுப்பியிருக்கிறது. ஹெட்போனில் ஒவ்வொரு காதுக்கும் ஒவ்வோர் அலை, சேர வாய்ப்பே இல்லை. அம்மாவின் போனில் இருப்பது ஒற்றை ஸ்பீக்கர். முகடும் அகடும் அங்கே ஒன்று சேர்ந்து ஒன்றையொன்று அழித்துவிட்டன. அழிவுக் குறுக்கீடு. அவனுக்கு நானே நடத்திய பாடம். தேர்வில் சரியாக எழுதியும் இருப்பான்.

முக்கால் லட்சத்துக்கு ஸ்பீக்கர் ஜோடி வாங்கியிருந்தாலும் இந்தத் தவறு தெரிந்திருக்காது. குரல் ஒருவேளை இன்னும் அகலமாக, இன்னும் அழகாகக் கேட்டிருக்கும். அம்மாவின் போனில் மட்டும் அப்பா இருந்திருக்க மாட்டார்.

வைடனரை எடுத்தோம். இரண்டு மைக்குகளில் வாய்க்கு நேரே இருந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, குரலை நடுவில் நிறுத்தினோம். பிடிலையும் கீபோர்டையும் குரலுக்கு வழிவிடும்படி நடுப்பகுதியில் கொஞ்சம் குறைத்தோம். எல்லாம் அந்த ஒற்றைப் பெட்டியில், பக்கத்து அறையில் பேசுவது கேட்கும் அளவு மெல்லிய சத்தத்தில். காரணம் இருக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் பாஸும் உச்ச ஒலியும் நம் காதுக்குத் தானாகவே அதிகமாகத் தெரியும். பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து வெளியிட்டார்கள். சத்தமாக வைத்தால் எந்த மிக்ஸும் நன்றாக இருப்பது போல ஏமாற்றும்.

சங்கிலி அடகுக்குப் போகவில்லை. பிறகு அவன் 5 அங்குல ஜோடி ஒன்று வாங்கினான். வாங்க நினைக்கும் மற்றவர்களுக்காக அன்று அவனுக்குச் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

பெட்டியில் அச்சிட்ட வாட் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். ஹெர்ட்ஸ் எண்ணைப் பார்க்கும்போது எத்தனை டெசிபல் குறைவில் அளந்தது என்று பாருங்கள். யமஹாவின் எச்.எஸ்.5க்கு அந்த நிறுவனமே இரண்டு கணக்கும் தருகிறது. 10 டெசிபல் குறைவில் 54 ஹெர்ட்ஸ், 3 டெசிபல் குறைவில் 74 ஹெர்ட்ஸ். பத்து டெசிபல் குறைவு என்றால் ஆற்றல் பத்தில் ஒரு பங்கு. எல்லையைச் சொல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை.

சிறிய அறைக்கு 4 அல்லது 5 அங்குலம் தாராளம். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக இருக்கட்டும். ட்வீட்டர் காது உயரத்தில். மூலையில் வைக்காதீர்கள். ஓட்டையுள்ள பெட்டி என்றால் அதில் ஸ்பாஞ்சு அடைத்தும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பக்கச் சுவர்களில் எதிரொலி விழும் இடத்தில் பழைய பஞ்சு மெத்தையைச் சாய்த்து வையுங்கள். நூறு முறை கேட்டுப் பழகிய ஒரு பாட்டை அதில் தினமும் போட்டுக் கேளுங்கள். ஸ்பீக்கரின் குணம் பழக வேண்டும், பழகிய உரைகல்தான் பயன்படும். கடைசியாக, பக்கத்தில் ஒரு ஒற்றைப் பெட்டி. மோனோவில் கேட்க.

திதிக்கு முதல் நாள் அந்த அம்மா தன் போனில் மறுபடி கேட்டார். நானும் திண்ணையில் இருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், பாதியில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். எங்களுக்குப் பக்கென்றது.

"இந்த எடத்துல ஒரு அடிய முழுங்கிட்டாரு, பாத்தியா? எப்பவும் இங்கதான் விடுவாரு" என்றார்.

பிறகு மகனிடம், "மொதல்ல இருந்து வெய்யி கண்ணு" என்றார்.